கடைத் திருட்டு வழக்கு எத்தனை வருடம் பதிவில் நிற்கும்?

ராமநாதபுரம் கரையோரத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் விசாவோடு சேர்ந்துதான் வரும். கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு பையனுக்கு வளைகுடாவில் வேலை அமைகிறது. கம்பெனி பி.சி.சி. கேட்கிறது, அதாவது போலீஸ் நற்சான்று. அப்போதுதான் வீட்டில் யாருக்காவது பழைய சங்கதி ஞாபகம் வரும். காலேஜ் படிக்கும்போது டவுன் ஜவுளிக்கடையில் ஒரு ஜீன்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாட்டினான், ஸ்டேஷன் வரைக்கும் போனது. அது இன்னும் இருக்குமா? "ஏழு வருஷம் போனா தானா அழிஞ்சுரும்" என்பார் ஒருவர். "ஃபைன் கட்டியாச்சுல்ல, அதோட முடிஞ்சுபோச்சு" என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம்.

பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் மீதான திருட்டு வழக்கு இத்தனை வருடத்தில் தானாக அழிந்துபோகும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. தண்டனை என்று ஒன்று விழுந்துவிட்டால் அது இருக்கும். பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் இருக்கும். ஆனால் எல்லா வழக்கும் தண்டனையில் முடிவதில்லை. அதனால் வருடத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, அந்த வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது, எப்படி முடிந்தது என்ற இரண்டையும் கண்டுபிடியுங்கள். மிச்சமெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

பதிவு எங்கெல்லாம் இருக்கிறது

போலீஸ் பதிவு என்றால் ஸ்டேஷனில் ஒரு பெரிய நோட்டு, அதில் பெயர் ஏறினால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே சம்பவம் நாலைந்து இடத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

முதலாவது, புகார் மனு ரசீது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்பார்கள். கடைக்காரர் புகார் கொடுத்தார், கூப்பிட்டு விசாரித்தார்கள், பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்றால் விஷயம் பெரும்பாலும் இதோடு நின்றிருக்கும். இது குற்ற வழக்கு அல்ல. "உங்கள் மீது வழக்கு உண்டா" என்று கேட்கும் படிவத்தில் "இல்லை" என்றே எழுதலாம்.

இரண்டாவது, எஃப்.ஐ.ஆர். இது பதிவான உடனே சி.சி.டி.என்.எஸ். என்ற நாடு தழுவிய கணினி வலையில் ஏறிவிடும். ராமேஸ்வரம் சன்னதி தெருவில் சங்குப் பொருள் கடையில் பிடிபட்ட வெளிமாநில யாத்ரீகரின் பெயர் அவருடைய ஊர்ப் போலீஸ் தேடினாலும் கிடைப்பது இதனால்தான். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்குத்தான் விலக்கு, திருட்டுக்குக் கிடையாது.

மூன்றாவது, நீதிமன்றக் கோப்பு. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போய் எண் விழுந்துவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டி யாரும் பார்க்கலாம்.

நான்காவது பலருக்கும் தெரியாதது: கைரேகையும் போட்டோவும். 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டப்படி, கைதானவரிடம் எடுக்கும் கைரேகை உள்ளிட்ட அளவீடுகளைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 வருடம் வைத்திருக்கலாம். எடுத்த தேதியிலிருந்து 75. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையே இல்லாமல் விடப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ, விடுதலையானாலோ, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு அவற்றை அழிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. வைத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் காரணம் எழுதி உத்தரவிட்டால் மட்டும் இருக்கும். கேட்காமல் இது நடந்துவிடும் என்று சும்மா இருக்காதீர்கள். விடுதலை உத்தரவின் நகலோடு எழுத்தில் கேளுங்கள்.

பிரிவு எண்ணைப் பாருங்கள்

எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் எடுத்தால், முதல் பத்தியில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண், தேதி இருக்கும். அதற்கு அடுத்த பத்தியில் சட்டமும் பிரிவும். உங்கள் கண் அங்கேதான் போக வேண்டும். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்: 379 அல்லது 380. அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா: 303(2) அல்லது 305. கடையில் வேலை பார்த்தவரே எடுத்திருந்தால் பழையதில் 381, புதியதில் 306.

303(2) சாதாரணத் திருட்டு. மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் முறை தண்டனை, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. இது புதிய சட்டத்தில் வந்த நல்ல மாற்றம். இந்த வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை நடத்தவோ, வாரண்டு இல்லாமல் கைது செய்யவோ முடியாது. ஸ்டேஷனில் குறித்துக்கொண்டு, புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தக் குறிப்புகள் கோர்ட்டுக்கும் போகும்.

305 அப்படி அல்ல. குடியிருக்கும் கட்டடத்தில் அல்லது பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டு. ஏழு வருடம் வரை சிறை. சரக்கு அடுக்கி வைத்த கடையும் இந்த வாசகத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லி 600 ரூபாய்ச் சட்டைக்குக்கூட 305 போட முடிகிறது. போட்டால் என்ன ஆகும்? ஜாமீனில் விடமுடியாத குற்றமாகிறது, அதாவது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத் தர வேண்டும். முக்கியமாக, கடைக்காரரும் நீங்களும் சமாதானமாகிக் கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. 303(2)-க்கு அந்த வழி திறந்திருக்கிறது. வக்கீலைப் பார்க்கும்போது முதலில் பேச வேண்டியது இதைத்தான்: திறந்திருந்த கடையில் வாடிக்கையாளராக நுழைந்தவருக்கு 305 பொருந்துமா, 303-ஆக மாற்றக் கேட்கலாமா என்று.

வழக்கு எப்படி முடிந்தது

கோர்ட் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு: "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துரு தம்பி, ஒரே நாள்ல முடிஞ்சுரும்." ஒரே நாளில் முடிவது உண்மை. ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. ஆயிரம் ரூபாய் அபராதமாக இருந்தாலும் "திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்" என்பதுதான் பதிவு, அதற்குக் காலக்கெடு இல்லை. போதாததற்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினால் தீர்ப்பே தப்பு என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டும்தான் பேச முடியும். அந்த வாய்ப்பும் முப்பது நாளில் போய்விடும். சமூக சேவையும் இப்படித்தான். நாலு நாள் அரசு ஆஸ்பத்திரி வளாகத்தைப் பெருக்கிவிட்டு வந்தாலும் அது தண்டனைதான்.

மாஜிஸ்திரேட் முன் "ஆமாம்" என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு வழிகளைக் கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்று சமரசம். 303(2)-லும் பழைய 379-லும் பொருளின் உரிமையாளர் சம்மதித்தால் போதும், நீதிமன்றத்தின் அனுமதிகூடத் தேவையில்லை. அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலை. இதைவிடச் சுத்தமான முடிவு ஒரு குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கிடைக்காது. பொருளுக்கான பணத்தைக் கொடுத்து, சமரச மனு போட்டு, இரு தரப்பும் ஆதார் நகலோடு ஆஜரானால் வேலை முடியும். லோக் அதாலத்திலும் முடிக்கலாம். இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெரிய கடைகளில் பொருளின் உரிமையாளர் கம்பெனி. கிளை மேனேஜர் கையெழுத்துப் போட வந்தால், கம்பெனி அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தை நீதிமன்றம் கேட்கும். அது இல்லாமல் வந்து வாய்தா வாங்கித் திரும்புகிறவர்கள் அதிகம். முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கனவே திருட்டில் தண்டனை பெற்று, அதனால் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகக்கூடியவருக்கு இந்த வழி கிடையாது.

குற்றப்பத்திரிகை இன்னும் போகவில்லை என்றால், போலீஸே மேல் நடவடிக்கை இல்லை என்று முடிக்கலாம். அப்போது புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அதாவது வழக்கை முடிக்கிறோம் என்ற அறிவிப்பு வரும். இல்லையென்றால் இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கலாம். 305 வழக்கில் சமரசம் ஆனாலும் இந்தப் பாதைதான்.

இரண்டாவது வழி, 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும், முன்பு தண்டனை பெறாதவரைத் திருட்டு வழக்கில் எச்சரித்து விட்டுவிட 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. 4-ஆம் பிரிவில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விடலாம். 21 வயதுக்கு உட்பட்டவர் என்றால் காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பவே கூடாது என்கிறது 6-ஆம் பிரிவு. இவற்றைவிடப் பெரியது 12-ஆம் பிரிவு: இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது. குற்றவாளி என்ற தீர்ப்பு கோப்பில் இருக்கும், அதன் கொடுக்கு இருக்காது. இவ்வளவு பழைய, இவ்வளவு பயனுள்ள சட்டத்தைச் சின்ன வழக்குகளில் கேட்காமலே விட்டுவிடுவது வருத்தமான விஷயம். நீதிபதி தானாகத் தருவார் என்று காத்திருக்காமல் மனுவாகப் போடுங்கள்.

இன்னொன்று, எஃப்.ஐ.ஆர். போட்டு வருடக்கணக்கில் குற்றப்பத்திரிகையே போகாமல் கிடக்கும் வழக்குகள். பழைய நடைமுறைச் சட்டப்படி, மூன்று வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் மூன்று வருடத்துக்குள் கோப்பில் எடுக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், பழைய 379 வழக்கில் அந்தக் கெடு தாண்டியிருந்தால் ரத்து கேட்க வலுவான காரணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முடிவே இல்லாத வழக்குதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஜாமீனில் வந்த பையன் ஆழ்கடல் போட்டில் போய்விட்டான், வாய்தாவுக்கு யாரும் போகவில்லை, பிடிவாரண்டு விழுந்தது. 900 ரூபாய்ப் பொருளுக்கான வழக்கு பத்து வருடம் ஆனாலும் "நிலுவை" என்றே கிடக்கும். பி.சி.சி. நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

பாஸ்போர்ட், பி.சி.சி.

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் இரண்டே வாசகங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் குறைந்தது இரண்டு வருடச் சிறை விதிக்கப்பட்டிருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க வேண்டும். திருட்டு ஒழுக்கக்கேடான குற்றம்தான். ஆனால் இரண்டு வருடச் சிறை என்பதைக் கவனியுங்கள். 20,000 ரூபாய்க்கு மேற்படாத திருட்டைச் சுருக்கமுறையில், அதாவது நீண்ட விசாரணை இல்லாமல் சீக்கிரம் முடிக்கும் முறையில், விசாரிக்க வேண்டும் என்கிறது இப்போதைய நடைமுறைச் சட்டம். சுருக்கமுறையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. ஆகவே சாதாரணக் கடைத் திருட்டில் தண்டனை பெற்று முடித்தவருக்கு இந்த வாசகம் பெரும்பாலும் தடையே அல்ல.

தடை அடுத்த வாசகத்தில் இருக்கிறது: குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும். முடிந்துபோன தண்டனையைவிட முடியாத சின்ன வழக்கு அதிகம் இடிப்பது இதனால்தான். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது நிலுவை ஆகாது, குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகே நிலுவை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நிலுவையே இருந்தாலும் மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒரு வழி தருகிறது. வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட்டிடம் வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கினால், அதில் சொன்ன காலத்துக்குப் பாஸ்போர்ட் தருவார்கள். காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு வருடத்துக்கு. மனு போடும்போது எத்தனை வருடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மறைப்பது தனிக் குற்றம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தால் இரண்டு வருடம் வரை சிறை. அமெரிக்க விசா படிவம் போன்றவற்றில் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா" என்றே கேள்வி இருக்கும். விடுதலையானவரும் "ஆம்" என்று எழுதித் தீர்ப்பின் நகலை இணைக்க வேண்டும். ஒவ்வொரு படிவத்திலும் கேட்டிருப்பது கைதா, நிலுவை வழக்கா, தண்டனையா என்று வார்த்தை வார்த்தையாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

முடிந்த வழக்கு "நிலுவை" என்று வந்தால்

இது அடிக்கடி நடக்கிறது. கோர்ட்டில் சமரசமாகி விடுதலை கிடைத்திருக்கும். ஸ்டேஷன் கணினியில் யாரும் அதை ஏற்றியிருக்க மாட்டார்கள். பி.சி.சி. விசாரணைக்கு வரும் ஏட்டு திரையைப் பார்த்து "விசாரணையில் உள்ளது" என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும்.

சரிசெய்ய, முதலில் வழக்கு நடந்த கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஜெராக்ஸ் செல்லாது. இரண்டு பிரதி வாங்கினால் பின்னால் அலைச்சல் மிச்சம். எஃப்.ஐ.ஆர். எண்ணையும், சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் கோர்ட் எண்ணையும் குறிப்பிட்டு, முடிவைப் பதிவேற்றக் கேட்டு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு. அதே மனு எஸ்.பி. அலுவலகத்தில் உள்ள மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும். நேரில் கொடுத்தால் மறுபிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட். இதையெல்லாம் பி.சி.சி. விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். விசா தேதி நெருங்கிய பிறகு ஓடினால் 500 ரூபாய்க் கட்டணம் போவது சின்ன விஷயம், வேலை கைவிட்டுப் போகும்.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பில் பெயரை நீக்கக் கேட்பது இன்னும் தெளிவடையாத விஷயம். விடுதலையான ஒருவரின் பெயரை நீக்க மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இப்போதைக்கு இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வேலையும் இரண்டாவது முறையும்

அரசு வேலையில், சின்ன வழக்கு இருந்ததைவிட அதை மறைத்ததுதான் பெரும்பாலும் வேலையைப் பறிக்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அற்பமான வழக்கை உண்மையாகச் சொன்னவரை மன்னித்து எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு இடம் உண்டு என்றது. தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு மட்டும் விதி கடுமையானது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று தீர்ப்பில் இருந்தால், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். போலீஸ் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன வாசகம் இருக்கிறது என்று வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

பழைய தண்டனை முழு பலத்தோடு திரும்பி வருவது இரண்டாவது வழக்கில். 303(2)-இல் இரண்டாம் முறை தண்டனை என்றால் குறைந்தது ஒரு வருடக் கடுங்காவல், அதிகபட்சம் ஐந்து வருடம். முதல் தண்டனைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இத்தனை வருடம் போயிருந்தால் கணக்கில்லை என்று அந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை.

பதினெட்டு வயதுக்குள் என்றால்

ஊரில் சுற்றும் அந்த "ஏழு வருடம்" ஓரளவுக்கு இங்கே பொருந்தும். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, சம்பவ நாளில் 18 நிறையாதவர் மீது கடைத் திருட்டு போன்ற சிறிய குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆரே போடக்கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதிச் சிறார் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னால் மட்டும் விலக்கு. ஆவணங்களை மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, அல்லது ஏழு வருடம் வரை வைத்துவிட்டு அழித்துவிட வேண்டும், அதற்கு மேல் வைக்கக்கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு மாதிரி விதி. முடிந்த வழக்கை நற்சான்று கேட்டு வரும்போது போலீஸ் வெளியிடவே கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. அதனால் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ முதல் நாளே ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். வயதைச் சொல்லாமல் பெரியவராகப் பதிவாகிவிட்டால், பிறகு எந்தக் கட்டத்திலும் வயதைக் காட்டிக் கேட்கலாம் என்றாலும் அலைச்சல் அதிகம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்கள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் தருவார்கள். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், பொருளின் விலை தெரியும் பில் அல்லது கடைக்காரர் தந்த ரசீது, ஆதார், வயதுச் சான்று இந்த நாலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.